கோடு கற்ற மரியாதை

மணலேரி சர்க்கரை ஆலையில் பொது மேலாளர் அடித்த பந்து வெளியே விழுந்ததில்லை. கோவர்த்தனன் உதவிப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவருடைய பந்துகளும் எல்லோருடைய பந்துகளையும் போல வேலிக்கும் வேப்பமரத்துக்கும் போய்க்கொண்டிருந்தவைதான். அவர் முதுநிலைப் பொறியாளர் ஆனதும் அவை கோட்டுக்கு அருகே விழத் தொடங்கின, துணை மேலாளர் ஆனதும் கோட்டின் மேலேயே விழுந்தன, பொது மேலாளர் ஆன நாளிலிருந்து எங்கே விழுந்தாலும் உள்ளேயே விழுந்தன. விடாத பயிற்சியின் பலன் என்று அவர் மனதார நம்பினார். நல்ல மனிதர். யாரையும் அதட்டியதில்லை, எவர் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாகப் போய் நின்றுவிடுவார். அப்படிப்பட்டவரிடம் உண்மையைச் சொல்வது ஒரு முரடனிடம் சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பந்துகளையெல்லாம் உள்ளே கொண்டுவந்தவர் சபாநடேசன். ஆலையின் அலுவலகக் கண்காணிப்பாளர், ஐம்பது வயதைத் தாண்டியவர், பந்து தன்னை நோக்கி வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் சுபாவம் உடையவர். அதனால் அவரால் விளையாட முடியவில்லை. அதனாலேயே நடுவர் வேலைக்கு மிகவும் பொருத்தமானவர் என்று நண்பர்கள் முடிவு செய்தார்கள். கரும்பு அரவை முடிந்து, கொதிகலன்கள் ஆறி, புகைபோக்கியின் விளிம்பில் காக்கைகள் தைரியமாக உட்காரத் தொடங்கும் கோடையில், ஆலையில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்து ஆடும் டென்னிஸ் போட்டி வருஷம் தவறாமல் நடக்கும். கரும்புச் சாற்றைத் தெளியவைக்க வாங்கும் சுண்ணாம்பில் மிஞ்சியதை எடுத்துச் செம்மண் தரையில் கோடு போடுவார்கள். ஒரு பழைய ஏணியின் உச்சியில் நாற்காலியைக் கட்டி சபாநடேசனை அதில் ஏற்றிவிடுவார்கள். மற்றவர்கள் அடித்தது உள்ளே விழுந்தால் அவர் "உள்ளே" என்பார். மேலாளர் அடித்தது வெளியே விழுந்தால் "உள்ளே சார்" என்பார். அந்த "சார்" எவ்வளவு நீள்கிறதோ பந்து அவ்வளவு தூரம் வெளியே போயிருக்கிறது என்று மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இந்த வருஷப் போட்டியின் முதல் ஆட்டத்தில், தலைமை வேதியியலர் தாவூதுக்கு எதிராகக் கோவர்த்தனன் ஓங்கி அடித்த பந்து பின்கோட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் சபாநடேசனுக்குத் தும்மல் வந்தது. வாய் திறந்தது, மூக்கு விடைத்தது, சொல்லும் வரவில்லை, தும்மலும் வரவில்லை. சொல்ல ஆளில்லை என்று கண்ட கோடு, தரையிலிருந்து மெல்ல எழுந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவளைப் போல் ஓடி, பந்து தரையைத் தொடுவதற்குள் அதன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் பறந்தது.

"கோட்டு மேலதான்," என்றார் கோவர்த்தனன், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "நல்ல ஆங்கிள்."

"ரொம்ப நல்ல ஆங்கிள் சார்," என்ற தாவூத், ஏணியை அண்ணாந்து பார்த்தார். "சபா, இனிமே உனக்கு வேலை இல்லப்பா. கோடே பாத்துக்குது. நீ எறங்கி வந்து டீ குடி."

அதற்குமேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இத்தனை கோடைகள் ஒரே இடத்தில் படுத்து ஒரே சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தால் கருங்கல்லுக்கே பழகிவிடும், இது வெறும் சுண்ணாம்புதானே என்பதுபோல் எல்லோரும் அடுத்த பந்துக்குத் தயாரானார்கள்.

ஆனால் கோடு மரியாதையைத்தான் கற்றுக்கொண்டது, அதைப் பதவி பார்த்துக் கொடுக்க அதற்குத் தெரியவில்லை. மேலாளருக்கு ஓடியதுபோலவே துணை மேலாளருக்கும் ஓடியது, கணக்கருக்கும் ஓடியது, விடுமுறைக்கு வந்திருந்த கணக்கருடைய மச்சானுக்கும் ஓடியது. ஓடின இடத்திலிருந்து அது திரும்பவும் இல்லை. மரியாதைக்காகப் போனவர்கள் உடனே எழுந்து வந்துவிடக் கூடாது என்று நினைத்ததோ என்னவோ, பந்து விழுந்த இடத்திலேயே இருந்துகொண்டது. இப்படி வேலியைத் தாண்டி, கேன்டீனுக்குள் புகுந்து, போண்டாத் தட்டு ஒரு பக்கமும் சட்னி மறுபக்கமுமாகப் பிரித்து, மருந்தகத்தின் படுக்கைகளுக்கு நடுவே வளைந்து, குடியிருப்பு வீடுகளின் கூடங்கள் வழியாக நடந்து, துணி காயும் கொடிகளுக்குக் கீழே குனிந்து, அந்த வாரக் கடைசிக்குள் ஆலையின் முக்கால் பாகம் டென்னிஸ் மைதானத்துக்குள் வந்துவிட்டது.

அதனால் வந்த சிக்கல் ஒன்றே ஒன்றுதான். வெள்ளைக் காலணி இல்லாமல் மைதானத்துக்குள் யாரும் நடமாடக் கூடாது என்று ஒரு பலகை ஆதிகாலத்திலிருந்து அங்கே நின்றுகொண்டிருந்தது. விதியை மாற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காலணியை மாற்றுவதே சுலபமாகத் தெரிந்தது. கேன்டீன் மாஸ்டர் மடித்துக் கட்டிய கைலிக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் மாட்டிக்கொண்டு போண்டா போட்டார். மருந்தகத்தில் காய்ச்சலோடு படுத்திருந்தவர் கோட்டைத் தாண்டிக் கழிவறைக்குப் போக, தலைமாட்டில் ஒரு ஜோடி வைத்தார்கள். பிள்ளையார் கோயில் குருக்கள்தான் பாவம், கோயிலுக்குள் செருப்போடு போகக் கூடாது, மைதானத்துக்குள் வெறுங்காலோடு நிற்கக் கூடாது, கோயிலோ மைதானத்துக்குள் இருந்தது. போட்டிக் குழு கூடி நெடுநேரம் யோசித்து, அவர் கால்களுக்குக் கணுக்கால் வரை சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. தபால்காரர் ஒவ்வொரு தெருமுனையிலும் சைக்கிளை நிறுத்தி, "ஆட்டம் நடக்குதா, நான் தாண்டலாமா?" என்று கேட்டுவிட்டே தாண்டினார்.

ஆட்டமும் மாறிவிட்டது. எவ்வளவு தூரம் அடித்தாலும் உள்ளே என்றால், துரத்திப் பிடிக்க முடியாத தூரத்துக்கு அடிப்பவனே ஜெயிப்பான். இதுவரை வெட்கத்தோடு ஓரமாக நின்றவர்களெல்லாம் அந்த வாரம் வீரர்களானார்கள். பிறந்ததிலிருந்து ஒரு பந்தையும் வேலிக்குள் நிறுத்தியிராத பண்டகக் காப்பாளர், கூரைமேல் அடித்து அடித்தே காலிறுதிக்கு வந்துவிட, அவர் மனைவி அதற்காகப் பாயசம் வைத்தாள்.

பழைய கோட்டுக்குள்ளேயே பந்தைப் போட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒருத்தி. அம்சவேணி, ஆலைப் பள்ளியின் கணக்கு டீச்சர், சபாநடேசனின் மனைவி. வெளியே அடித்துப் புள்ளி எடுப்பதற்கு அவளுக்குக் கை வரவில்லை. எதிராளி அடிக்கும் பந்து தரையைத் தொட்டால்தானே கோடு ஓடும் என்று கணக்குப் போட்டு, வலையை ஒட்டி நின்று, வருகிற பந்தையெல்லாம் காற்றிலேயே மறித்துத் திருப்பி அடித்தாள். தலைக்கு மேலே போனவற்றுக்குத்தான் வழி இல்லை. அவற்றின் பின்னால் கேன்டீனுக்கும் மருந்தகத்துக்கும் ஓடினாள். ஓடி ஓடியே இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். எதிரில் கோவர்த்தனன்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய சாயங்காலம் அவள் வெந்நீர் வாளிக்குள் கால்களை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கோடு அவர்கள் வீட்டுக்குள்ளும் வந்திருந்தது. ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் நடுவே அது போய்க்கொண்டிருந்ததால், அவள் வெளியேயும் அவர் உள்ளேயும் இருந்தார்கள். அவர் வெள்ளைக் காலணி போட்டிருந்தார்.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"இந்தக் கோட்டுக்கு இந்தப் புத்தியக் குடுத்தது யாரு?"

"கோட்டுக்கெல்லாம் ஏது அம்சா புத்தி."

டிவி ஸ்டாண்டுக்குக் கீழே கோடு லேசாக நெளிந்தது.

"பாருங்க, அதுக்கே வெக்கமா இருக்கு," என்றாள். "நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. அவுட்டுன்னு சொன்னா அவரு உங்களத் திட்டுவாரா?"

"திட்ட மாட்டாரு."

"வேலையிலேர்ந்து தூக்குவாரா?"

"சேச்சே. தங்கமான மனுஷன்."

"அப்புறம் எதுக்குப் பயம்?"

சபாநடேசன் யோசித்தார். அவர் யோசிக்காத விஷயம் இல்லை. ஏணி மேல் உட்கார்ந்திருக்கும் மதியங்களில் அவர் இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார். பயத்தின் காரணத்தைத் தேடிக்கொண்டு மனதின் கடைசி அறை வரைக்கும் போயிருக்கிறார். அங்கே காரணம் என்று எதுவும் இல்லை, பயம் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது, அவரைப் பார்த்ததும் அது மரியாதையாக எழுந்து நின்றது. ஒருவேளை தான் யாருக்கும் பயப்படவில்லையோ, பழகிய சொல் வாயிலிருந்து தானாக வருகிறது, அவ்வளவுதானோ என்றும் நினைத்துப் பார்த்தார். அப்படியென்றால் அது பயத்தைவிடக் கேவலம் என்று தோன்றியதால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டார்.

"தெரியல அம்சா," என்றார்.

"என்னை ஜெயிக்க வைங்கன்னு கேக்கல. அதுக்கு எனக்கு வேற ஆளு வேணாம். வெளிய விழுந்தா அவுட்டுன்னு சொல்லுங்க. சொல்ல வரலன்னா அந்த ஏணி மேலயே இருந்துக்குங்க. வீட்டுக்கு வர வேணாம்."

குரலை உயர்த்தவில்லை. வீட்டுப்பாடம் எழுதாதவன் நாளைக்கு வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லும் அதே குரல். அந்தக் குரலுக்குப் பிறகு எழுதாமல் வந்தவன் அந்தப் பள்ளியில் ஒருவனும் இல்லை.

சபாநடேசன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பழகினார். "அவு..." என்று தொடங்கும், நாக்கு வழுக்கும், "உள்ளே சார்" என்று முடியும். கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், வாயில் கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டும் சொல்லிப் பார்த்தார். பால் சட்டியை நோட்டமிட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுப் பூனை சமையலறை ஜன்னலில் வந்து நிற்பதை வெளியே வந்ததும் கண்டபோது, இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று விரலை நீட்டி, உடம்பெல்லாம் வலுவைத் திரட்டி, "உள்ளே!" என்றார். பூனை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆலையே மைதானத்தைச் சுற்றி நின்றது. மைதானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாததால் கூட்டம் கண்ட இடத்தில் நின்றது. பிள்ளையார் கோயில் வாசலில் பாதிப் பேர், கேன்டீன் கூரையில் சிலர், குருக்கள் புதிதாக வெள்ளையடித்த கால்களோடு ஒரு ஸ்டூல் மேல். ஒரே செட் ஆட்டம். கோவர்த்தனன் பலமாக அடித்தார், அம்சவேணி வலையருகே நின்று மறித்தாள். அவள் தலைக்கு மேலே போனவற்றுக்குக் கோடு ஓடி ஓடி இளைத்தது, அது ஓடும்போதெல்லாம் சபாநடேசன் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். சொல்லாமல் இருப்பது பொய் இல்லையே என்று ஒரு தடவை நினைத்தார். கீழே மனைவியின் முகத்தைப் பார்த்தார். பொய்தான் என்று தெரிந்தது.

ஐந்துக்கு ஐந்து என்று நின்றபோது கோவர்த்தனன் மட்டையைக் கீழேயிருந்து மேலே வீசினார். பந்து எழுந்தது, அம்சவேணியைத் தாண்டி எழுந்தது, வேலியையும் வேப்பமரத்தையும் தாண்டி, ஆலையின் பெரிய கேட்டுக்கும் அதற்கு வெளியே போகிற கடலூர் ரோட்டுக்கும் மேலாகப் போயிற்று. கோடு மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து அதன் பின்னால் ஓடியது.

"ஐயையோ!" என்று தாவூத் கத்தினார். "ரோட்டத் தாண்டிடுச்சுன்னா பஸ்காரனுக்கெல்லாம் வெள்ளை ஷூ மாட்டணும்டா சபா!"

அம்சவேணி பந்தின் பின்னால் ஓடவில்லை. மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, திரும்பி, ஏணியை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வை தன்னை நோக்கி வருவதைக் கண்ட சபாநடேசன், எது தன்னை நோக்கி வந்தாலும் செய்வதைப் போலவே கண்ணை மூடிக்கொண்டார். அந்த இருட்டில் யாரும் இல்லை. மேலாளர் இல்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பயமும் எழுந்து எங்கேயோ போயிருந்தது.

"அவுட்," என்றார்.

கோடு கேட்டைத் தாண்ட ஒரு முனையைத் தூக்கிய நிலையில் அப்படியே நின்றது. பந்து ரோட்டுக்கு அப்பால் எங்கோ விழுந்தது. கேன்டீனில் எண்ணெயில் கிடந்த போண்டா மட்டும் பொரிந்துகொண்டிருந்தது.

கோவர்த்தனன் ஏணியருகே வந்தார். "என்ன சொன்னீங்க சபாநடேசன்?"

"அவுட் சார்."

"எவ்வளவு தூரம்?"

"ரொம்ப தூரம் சார்."

மேலாளர் கேட்டுப் பக்கம் பார்த்தார், பிறகு தன் கையிலிருந்த மட்டையைப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி அடிச்சது?"

"அதுவும் சார்."

"எல்லாமா?"

"ஒண்ணு ரெண்டு உள்ள விழுந்திருக்கு சார்."

"அப்ப போன வருஷம் நான் வாங்கின கப்பு..."

"சார்..."

"சரி சரி, சொல்லாதீங்க." அவர் தொப்பியைக் கழற்றி, அதற்குள் ஏதோ எழுதியிருப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "ஏங்க, ஒருத்தராவது சொல்லியிருந்தா முழங்கைய மடக்கி அடிக்கப் பழகியிருப்பேனே. அநியாயமா இத்தனை வருஷத்த வீணாக்கிட்டீங்களே!"

பிறகு, கோடு பழைய இடத்துக்கு வரட்டும், அதுவரைக்கும் எல்லோரும் டீ குடிக்கலாம் என்று அவரே சொன்னார். சபாநடேசன் ஏணியிலிருந்து, "போதும், வா," என்று கூப்பிட்டார். கோடு திரும்பிவரத் தொடங்கியது. துவைத்துத் தொய்ந்த நாடாவைப் போல இழுபட்டுக்கொண்டு, வீடுகளின் கூடங்களைக் கடந்து, படுக்கைகளுக்கு நடுவே நெளிந்து, சட்னியையும் போண்டாவையும் மறுபடி சேர்த்துவிட்டு, கடைசியாக வேலிக்குள் நுழைந்து, அலுத்துப்போனவன் பாயில் விழுவதைப் போல நீளமாக விழுந்தது. கேன்டீன் மாஸ்டர் கேன்வாஸைக் கழற்றிக் கால்விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சொடக்கெடுத்தார். குருக்கள் குழாயடிக்கு ஓடினார்.

அதன்பிறகு கோவர்த்தனன் வேறு மனிதராக ஆடினார். முழங்கையை மடக்கி, வேகத்தைக் குறைத்து, நாக்கின் நுனியை உதட்டோரம் கடித்துக்கொண்டு அடித்தார். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ஏணியைப் பார்த்து, "உள்ளேயா?" என்று கேட்டார். "உள்ளே" என்றார் சபாநடேசன். பின்னால் எதையும் சேர்க்கவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் மேலாளரின் முகம் மலர்ந்த மாதிரி, சம்பள உயர்வு வந்தபோதுகூட மலர்ந்ததில்லை.

ஆனாலும் அம்சவேணி விட்டுவிடுகிறவள் இல்லை. ஆறுக்கு ஐந்து என்று அவள் முன்னே இருந்தாள், ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு புள்ளி. கோவர்த்தனன் வலது ஓரத்தில் நிற்பதைப் பார்த்து அவள் இடது மூலைக்குக் குறுக்கே அடித்தாள். பந்து மூலையில் இறங்கியது. கோடு ஒருமுறை நடுங்கியது, ஆனால் நகரவில்லை.

"அவுட்," என்றார் சபாநடேசன். யார் அடித்த பந்து என்று மனம் கேட்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"என்னது?"

அம்சவேணி வலையைச் சுற்றிக்கொண்டு வந்த வேகத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. "நல்லாப் பாருங்க! உள்ளே!"

"அவுட் அம்சா."

"மேடம் சொல்றது சரி மாதிரிதான் தெரியுது," என்று கோவர்த்தனன் நடுவே வந்தார். "உள்ளேன்னே வச்சுக்கலாமே."

"வச்சுக்கறதுக்கு இது என்ன சார் ஊறுகாயா?" என்றாள் அம்சவேணி. "உள்ளேன்னா உள்ளே, வெளியன்னா வெளிய. நீங்க சும்மா இருங்க."

மேலாளரைச் சும்மா இருக்கச் சொன்னது அந்த ஆலையில் அதுதான் முதல் தடவை. அவர் சும்மா இருந்தார்.

சபாநடேசன் ஏணியிலிருந்து இறங்கி, செம்மண்ணில் பந்து பதிந்த தடத்துக்குப் பக்கத்தில் குந்தினார். தடத்துக்கும் கோட்டுக்கும் நடுவே ஆள்காட்டி விரலை வைத்தார். "பாரு, என் விரல் போகுது."

"உங்க விரல் ஒல்லி." அவள் தன் விரலை வைத்தாள். நகத்தின் ஓரத்தில் சுண்ணாம்பு ஒட்டியது. "இப்ப என்ன சொல்றீங்க?"

தாவூத் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனால்தான் தெரியும் என்றார். கேன்டீன் மாஸ்டர் தன் தடித்த விரலால் அளக்க வந்தபோது அவரைத் தடத்தின் பக்கமே விடவில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேர் உள்ளே என்றார்கள், பாதிப் பேர் வெளியே என்றார்கள், அப்பனும் மகனும் அங்கேயே முறைத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக அந்த மைதானத்தில் ஒருவரும் வாதாடியதில்லை என்பதால், யாருக்குமே அதை நிறுத்தத் தெரியவில்லை. கடைசியில் சபாநடேசன் மறுபடி ஏணியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எல்லோரும் அடங்கும் வரை காத்திருந்து, "அவுட்," என்றார். அதற்குமேல் பேச்சில்லை.

அம்சவேணி அந்தப் புள்ளியை இழந்தாள், ஆத்திரத்தில் அடுத்ததையும் இழந்தாள், சற்று நேரத்தில் ஆட்டத்தையும் இழந்தாள். கோவர்த்தனன் கோப்பையை வாங்கி, தன் வீட்டுக்காரம்மாவிடம் அதைக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் பரிசு ஒரு இஸ்திரிப் பெட்டி.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்கினார்கள், வலையைச் சுருட்டினார்கள். சபாநடேசன் இறங்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, ஆனால் சொன்னது இரண்டு தடவை, இரண்டாவது தடவை சொன்னது வீட்டுக்காரிக்கு எதிராக. இதில் எந்தக் கணக்கில் தன்னைச் சேர்ப்பாள் என்று அவருக்குத் தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே அம்சவேணி இஸ்திரிப் பெட்டியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"எறங்குங்க."

"இல்ல, நான் இங்கயே..."

"எறங்கி வாங்கன்னா. அந்தப் பந்து உள்ளே."

"அவுட் அம்சா."

"பதினேழு வருஷமா வடிவியல் நடத்தறேன். எனக்குக் கோடு தெரியாதா?"

"ஒரு விரல் வெளிய."

"யாரு விரலு?"

அவர் இறங்கினார். இருவரும் கேன்டீன் வழியாக நடந்தார்கள். பந்து வந்த சாய்வு என்ன, காற்று எந்தப் பக்கம், உயரத்திலிருந்து பார்த்தால் கண் ஏமாற்றுமா ஏமாற்றாதா என்று அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள், அவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். எதைக் கேட்டாலும் "சரி" என்பவரிடம் பேச என்ன இருக்கிறது என்று பல வருஷமாக அவள் அவரிடம் அதிகம் பேசியதில்லை. இப்போது மருந்தகத்தைத் தாண்டும்போது நடையைக் குறைத்து அவருக்கு நேராக நடந்தாள், அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்து மறுக்க முடியும். வீட்டு வாசல் வந்தபோது விவாதம் பாதியில்தான் இருந்தது. அவள் தோளால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஃபிரிட்ஜைப் பின்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள், டிவியை வலை என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் நின்ற இடம் இது என்று இஸ்திரிப் பெட்டியின் வயரை வீசிக் காட்டினாள். வாசலில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தக் கோணம் தப்பு என்று விரலால் காட்டிக்கொண்டே அவர் வீட்டுக்குள் போனார்.